சேஷன் மாமாவின் இடது கை

முப்பது வயதுக்குள்ளேயே எனக்கு வழுக்கை விழுந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடங்களில் அது பெரிய குறை. ஆஸ்பத்திரியிலோ அதுதான் என் மரியாதைக்கே காரணம். நான் பார்த்தது இ.இ.ஜி. டெக்னீஷியன் வேலை. தலையில் வயர் ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகப் பதிவு செய்யும் வேலை. அதைப் படிக்க வருகிறவர்கள் முதலில் யார் தலையிலாவது ஒட்டிப் பழக வேண்டும். முடியும் எண்ணெயும் இல்லாமல், 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லவும் முடியாமல் எங்கள் பிரிவில் இருந்த ஒரே தலை என்னுடையது. அதில் ஒட்டிப் பழகியவர்கள் இன்று எத்தனையோ ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். யாராவது கல்யாணப் பத்திரிகை அனுப்பினால், இந்தப் பிள்ளை என் தலையில் எந்தப் பக்கம் அழுத்திக் கீறியது என்றுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இப்போது நீச்சல்காரர்கள் போடுவது மாதிரி ஒரு தொப்பி வந்திருக்கிறது. மாட்டினால் போதும், எல்லா வயரும் அதது இடத்தில் உட்கார்ந்துவிடுகிறதாம். "முத்து சேட்டா, அந்த எண்ணெய் மாமா கதையொண்ணு பறையூ", கதையைச் சொல்லுங்கள் அண்ணா என்று இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், பாதியை விட்டுவிட்டேனே என்று மனது கேட்கவில்லை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே திருவனந்தபுரத்துக்கு ஜவுளிக்கடை வேலைக்கு வந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் வீட்டில் தமிழும் ஆஸ்பத்திரியில் இரண்டும் கலந்த ஒன்றும் பேசி வளர்ந்தவன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. நான் சேர்ந்த காலத்து மிஷினில் பேனா முனைகள் தாளில் கிறுக்கிக்கொண்டே போகும். சட்டையெல்லாம் மை. என் மனைவி கல்யாணமான புதிதில் நான் ஏதோ அச்சகத்தில் வேலை பார்ப்பதாகவே பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

வேலையில் முக்கால்வாசி அளப்பதுதான். மூக்கு ஆரம்பிக்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை டேப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை. இரண்டும் சந்திக்கும் உச்சியில் சிவப்புப் பென்சிலால் ஒரு குறி. அங்கிருந்து கணக்குப் பண்ணி மற்ற குறிகள். ஒவ்வொரு குறியிலும் முடியைப் பிரித்து, மணல் மாதிரி நறநறக்கும் ஒரு பசையால் தோலைத் தேய்த்து, அதன்மேல் வெண்ணெய் மாதிரி இன்னொரு பசை வைத்து, சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும் வயர் நுனியை அழுத்தி, மேலே பஞ்சு வைக்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான். ஆனால் தலையில் எண்ணெய் இருந்தால் ஒன்றும் நிற்காது, எல்லாம் வழுக்கிக்கொண்டு காதுக்கு வந்துவிடும். திருவனந்தபுரத்தில் எண்ணெய் இல்லாத தலை என்பது குதிரைக் கொம்பு. 'எண்ணெய் தேய்க்காமல் வரவும்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், 'இன்னிக்குத் தேய்க்கல்ல, நேத்து தேய்ச்சது' என்பார்கள். அந்தக் கோபத்திலேயே என் ஆயுளில் பாதி போனது.

என் மேலதிகாரி அன்னம்மா டாக்டர். நரம்பியல். கோட்டயத்துக்காரி, குள்ளம், குரல் மட்டும் ஆளைவிட உயரம். வலிப்பு வந்ததாக யாராவது வந்தால், கதை கேட்கவே மாட்டார். "பறையண்டா, காணிச்சு தா" என்பார். சொல்லாதே, செய்து காட்டு. வலிப்பு வந்தவருக்குத் தனக்கு என்ன நடந்தது என்று தெரியாது, பார்த்தவர்கள்தான் சாட்சி. சாட்சி வாயால் சொன்னால் 'வெட்டிக்கிட்டு இழுத்துச்சு' என்று முடித்துவிடும். நடித்தால் எந்தக் கை, எந்தப் பக்கம் கண், வாய் எப்படிக் கோணியது எல்லாம் வெளியே வரும். ஆகவே எங்கள் ஓ.பி. தினமும் ஒரு நாடகக் கொட்டகை. ஒருமுறை ஒரு பேங்க் மேனேஜர், அம்மாவுக்கு வந்த வலிப்பை நடித்துக் காட்டுகிறேன் என்று ஸ்டூலிலிருந்து விழுந்தார். அவ்வளவு தத்ரூபம். வெளியே நின்ற செக்யூரிட்டி வீல்சேரோடு ஓடிவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கேஷுவாலிட்டிக்குத் தள்ளிக்கொண்டே போய்விட்டான். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்து, "என் பையனுக்கும் இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள்.

இப்படிப்பட்ட டாக்டரிடம்தான் சேஷன் மாமாவைக் கூட்டி வந்தார்கள். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வீடு. தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது. பேச்சு போகவில்லை. கால் கொஞ்சம் தேறி, பிடித்துக்கொண்டு நடப்பார். இடது கை மட்டும் துணி மாதிரி தொங்கியது. அவரோடு மனைவி பர்வதம் மாமியும், மாமியின் தம்பி ரமணியும் வந்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் முகத்தில் பண்டிகைக் களை.

அன்றைக்கு ஏதோ ரிப்போர்ட் கொடுக்க நான் டாக்டர் அறைக்குள் நின்றிருந்தேன்.

"டாக்டர், கை வந்துடுத்து!" என்றார் மாமி, உட்காருவதற்கு முன்பே. "ஒரு மாசமா ஆடறது. தானா ஆடறது. நன்னா ஆடறது."

ரமணி போனை நீட்டினார். படத்தில் சேஷன் மாமா ஈசிசேரில் கிடக்க, இடது கட்டைவிரல் டக் டக்கென்று வெட்டுகிறது. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை வரை. பின்னணியில் யாரோ கைதட்டுகிறார்கள். இதைக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டு, பெங்களூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வாழ்த்து வந்து குவிந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்து உழிச்சல் செய்ய வருகிற வைத்தியர், எல்லாம் தன் எண்ணெயின் மகிமை என்று சொல்லிவிட்டாராம்.

டாக்டரின் முகம் மாறியது. "போன் வேண்டா. காணிச்சு தா" என்றார்.

மாமி உடனே புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கையைப் படபடவென்று ஆட்டிக் காட்டினார், தண்ணீரை உதறுகிற மாதிரி. "அப்படியில்லேக்கா, தப்பு" என்று ரமணி வேறு மாதிரி ஆட்டினார், மிருதங்கம் வாசிப்பது போல. "நீ ஆபீஸ் போயிடறே, நானாக்கும் கூடவே இருக்கேன்" என்று மாமி மறுபடி ஆட்டினார். அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே க்யூவில் இருந்தவர்கள் கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சேஷன் மாமா, "நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தார். "நீங்க சித்தே இருங்கோ, அசதியாயிடும்" என்று மாமி அவர் வாயை அடைத்தார்.

"ஆடி முடிஞ்சா கை எப்படி இருக்கும்?" என்று டாக்டர் கேட்டார்.

"தொவண்டுடும் டாக்டர். வாயும் கொஞ்சம் கொழறும். எக்ஸர்சைஸ் பண்ணினா அசதி வராதோ?"

"மாமி," டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அது சுகமாவறதில்ல. அது ஃபிட்ஸ் ஆணு."

பக்கவாதத்தில் மூளையில் ஓரிடம் காயப்படுகிறது; காயம் ஆறினாலும் தழும்பு நிற்கிறது; அந்தத் தழும்பிலிருந்து சில பேருக்கு வலிப்பு கிளம்பும். உடம்பு முழுக்க வெட்டி விழவேண்டும் என்றில்லை, ஒரு கட்டைவிரலோடும் நிற்கும். ஆனால் இன்று விரலோடு நிற்பது நாளைக்கு முழு உடம்பையும் பிடித்து ஆளைக் கீழே தள்ளலாம். டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மாமிக்கு ஏறவில்லை.

"மழைக்கு ஸ்விட்ச்போர்டில வெள்ளம் எறங்கினா ஃபேன் தனியே சுத்தும். ஃபேன் நன்னாச்சுன்னு சந்தோஷப்படுவீங்களா?" என்றார் டாக்டர்.

"சுத்தட்டுமே டாக்டர்," என்றார் மாமி. "சுத்தாத ஃபேனுக்கு அது தேவலை அல்லவோ?"

அன்னம்மா டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

மாமி லேசில் விடாததற்குக் காரணம் இருந்தது. கை ஆடினால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். கை ஆடியது, உடைத்தாகிவிட்டது. ரமணி உடைத்து உடைத்துத் தோள்பட்டை வலி வந்து, அதே வைத்தியரிடம் அவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் கொடுத்த கையை ஒரு மாத்திரை நிறுத்துவதா? டாக்டர் மாத்திரையும் இ.இ.ஜி.யும் எழுதிக்கொடுத்தார். மாத்திரையை வாங்கிப் பையில் போட்ட மாமி, "முதல்ல அந்த மிஷின் டெஸ்ட் எடுக்கட்டும். அப்புறமாக்கும் மாத்திரை" என்று சொல்லிவிட்டார். ஆக, மாமாவுக்கு மருந்து உள்ளே போக வேண்டுமானால் அவர் தலையில் என் வயர் ஒட்ட வேண்டும்.

அந்தத் தலையை நான் பார்த்தேன். ஊறுகாய் ஜாடியிலிருந்து எடுத்த நெல்லிக்காய் மாதிரி இருந்தது. வைத்தியரின் தைலம் நாளொன்றுக்கு இரண்டு வேளை. டேப் வைத்தால் டேப் நனைந்தது. பென்சில் குறி வைத்தால் ஓடியது. எங்கள் அறையில் இருந்த ஷாம்பூவைப் போட்டு நானே அலசினேன். சேஷன் மாமா சிங்க்கில் தலையைக் கொடுத்தபடி, "எங்க லாட்ஜில இந்த வசதி இருந்திருந்தா ரூம் வாடகையைக் கூட்டியிருக்கலாம்" என்றார். நுரையே வரவில்லை. வீட்டில் சிறுபயறு மாவு தேய்த்து நன்றாகக் கழுவி மறுநாள் வரச் சொன்னேன்.

"மாமி, ஒரு சொட்டு எண்ணெய் இருக்கப்பிடாது, கேட்டீயளா? ஒட்டாது."

"ஒரு சொட்டு இருக்காது சார். நான் பொறுப்பு."

மறுநாள் வந்தார்கள். மாமி சொன்ன சொல் தவறவில்லை. தலையில் எண்ணெயே இல்லை, முடி பஞ்சாகப் பறந்தது. எனக்குக் கண்ணீர் வராத குறை. மாமாவைப் படுக்கவைத்து, அளந்து, பசை எடுக்க அந்தப் பக்கம் திரும்பினேன். திரும்பி வந்தால் உச்சியில் நான் வைத்த குறி இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு பொடி. மாமி இடுப்பிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்து, உச்சந்தலையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். ராஸ்னாதிப் பொடி. இந்த ஊரில் தலைக்குக் குளித்தால் சளி பிடிக்காமல் இருக்க உச்சியில் அதை வைக்காமல் விடமாட்டார்கள்.

"மாமி! என்ன பண்ணுதீய?"

"எண்ணெய் வேண்டாம்னுதானே சொன்னேள்? பொடியை ஒண்ணும் சொல்லலையே. ஈரத்தலை. ஏசி வேற போட்டிருக்கேள். ஜலதோஷம் பிடிச்சா யார் பார்க்கறது?"

மறுபடி துடைத்தேன், மறுபடி அளந்தேன். டப்பாவை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாமி, என் வழுக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்கு அது பிரயோஜனமில்லை சார், ஞாபகமாத் திருப்பிக் கொடுத்துடுங்கோ" என்றார்.

ஒருவழியாக எல்லா வயரும் ஒட்டி நின்றன. திரையில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. இடது கையை இயக்குவது மூளையின் வலது பக்கம். அந்தப் பக்கத்துக் கோடுகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை கொஞ்சம் சோம்பலாக ஓடின, பக்கவாதக்காரர்களுக்கு வழக்கம்தான். யாரும் அறைக்குள் நிற்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் மாமி கதவில் நின்றார், ரமணி மாமிக்குப் பின்னால் நின்றார், அன்னம்மா டாக்டரும் வந்துவிட்டார். சேஷன் மாமா கூரையைப் பார்த்தபடி, "இத்தனை பேர் பார்த்திண்டிருந்தா மூளை எப்படி வேலை செய்யும்?" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. வலது பக்கத்துக் கோடு ஒன்று சின்னதாகக் குத்த ஆரம்பித்தது. பிறகு பக்கத்துக் கோடும். ஊசி ஊசியாக, ஒரே தாளத்தில். போர்வை மேல் இருந்த இடது கட்டைவிரல் அதே தாளத்தில் வெட்டியது.

"ஆடறது! ஆடறது!" மாமி உள்ளே ஓடிவந்து கைதட்டினார், குழந்தை முதல் அடி வைத்ததைப் பார்த்த மாதிரி. ரமணி போனைத் தூக்கினார். "விடாதேங்கோ, நன்னா ஆட்டுங்கோ, இன்னும் கொஞ்சம்!" மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கைக்கு ஏறியது. எனக்கு எத்தனையோ வலிப்பு பார்த்த பழக்கம். ஆனால் வலிப்புக்கு ரசிகர் மன்றம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் மாமியின் தோளைப் பிடித்தார். அதட்டவில்லை. "மாமி, அவர்கிட்ட சொல்லுங்க. கையை நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு நிறுத்தணும்?"

"அவரோட கைதானே? அவர்தானே ஆட்டறார்? ஒரு தடவ நிறுத்திக் காட்டட்டும்."

மாமி குனிந்தார். "ஏன்னா, டாக்டர் சொல்றா. சித்தே நிறுத்துங்கோளேன்."

சேஷன் மாமா தலையைத் திருப்பினார். வாயின் இடது ஓரமும் துடிக்க ஆரம்பித்திருந்தது. "முடியலேடி" என்றார். "நான் ஆட்டலை. ஒரு தடவைகூட நான் ஆட்டினதில்லை. அதுவா பிடிச்சு ஆட்டறது. எனக்குப் பயமா இருக்கு. ஒரு மாசமா சொல்ல வரேன், நீ கைதட்டிண்டே இருக்கே."

மாமியின் கைகள் அப்படியே நின்றன. ரமணி போனை இறக்கிப் பைக்குள் வைத்தார். சற்று நேரத்தில் துடிப்பு தளர்ந்து நின்றது. திரையில் ஊசிகள் அடங்கின. டாக்டர் அந்தக் கையைத் தூக்கி விட்டார், பொத்தென்று விழுந்தது. வலிப்பு வருவதற்கு முன் தோளையாவது கொஞ்சம் அசைப்பார், இப்போது அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரத்துக்கு இப்படித்தான் ஆகும் என்றும், இப்படி அடிக்கடி வந்தால் நிஜமாகத் தேறுவதே தடைப்படும் என்றும் டாக்டர் சொன்னார். மாமி புடவைத் தலைப்பால் மாமாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். பிறகு அழுதார். வயரைக் கழற்றுகிற சாக்கில் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாத்திரை போட்டா கை நின்னுடுமோ டாக்டர்?"

"ஆட்டம் நிக்கும். கை பழையபடி சும்மா கிடக்கும். பின்னே தன்னால வருதான்னு பார்ப்போம். வராமலும் போகலாம். நான் பொய் சொல்லமாட்டேன்."

"பிள்ளையாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நூத்தியொண்ணு உடைச்சாச்சே."

படுக்கையிலிருந்து சேஷன் மாமா குழறலாகச் சொன்னார். "கையை ஆட்டிவெச்சது அவர் இல்லைன்னு அவருக்கே நன்னாத் தெரியும். தெரிஞ்சிண்டே கமுக்கமா வாங்கிண்டார் பாரு. அவர்தான் நமக்குப் பதில் சொல்லணும்."

மாமி அழுகையோடு சிரித்துவிட்டார். பையைத் திறந்து மாத்திரையை எடுத்து, தண்ணீர் கேட்டார். அங்கேயே முதல் மாத்திரை போயிற்று.

அதற்குப் பிறகு கை நின்றுவிட்டது. முழுதாக நின்றுவிட்டது. வாட்சப் குழுவில் 'கை எப்படி?' என்று கேட்டவர்களுக்கு ரமணி பதில் எழுத மாட்டாமல் குழுவை விட்டே விலகினார். மாமி என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டார். ஒருநாள் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில், அத்தனை பேர் முன்னால், "உங்க மிஷின்தான் சார் எங்காத்துக் கையைக் கொன்னுடுத்து" என்றார். என்னைப் பெரிய ரவுடி என்று நினைத்து ஒருவர் தள்ளி நின்றார். ஆனால் மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை என்றும் அதே மூச்சில் சொன்னார். ஆடாத கையைத் தினமும் பிடித்து, விரல் விரலாக மடக்கி நீட்டி, ஃபிசியோதெரபிக்காரப் பெண் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தார். அதில் அவருக்கு நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை.

சில மாதம் கழித்து மறு பதிவுக்கு வந்தார்கள். தலை சுத்தமாக இருந்தது, எண்ணெயும் இல்லை, பொடியும் இல்லை. கோடுகளும் அமைதியாக ஓடின, ஊசி ஒன்றுகூட இல்லை. வயரைக் கழற்றி மாமாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். டாக்டர் வந்து எதிரே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மாமி, மாமாவின் இடது பக்கம் ஒட்டி நின்றுகொண்டு வழக்கம்போலப் பேசினார்.

"ஃபிட்ஸ் வரலை டாக்டர், ஒத்துக்கறேன். ஆனா கை? ஒண்ணுமில்லை. மரக்கட்டை. வெறுதே தினம் பிடிச்சு பிடிச்சு என் கைதான் போச்சு. ஒரு விரல், ஒரு விரலாவது அசையட்டுமே, அதுவுமில்லை. நான் எவ்வளவு..."

அவர் புடவை மடிப்பு கொஞ்சம் இழுபட்டது. மாமி கவனிக்கவில்லை. மறுபடி இழுபட்டது. மாமாவின் இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடிப்பைக் கொக்கி போட்டுப் பிடித்து, மெதுவாக, நடுங்கி நடுங்கி இழுத்தன. எந்தத் தாளமும் இல்லை. இழுத்தது, நின்றது, யோசித்தது, மறுபடி இழுத்தது.

"சித்தே சும்மா இருங்கோளேன், டாக்டர்கிட்ட பேசிண்டிருக்கேனோல்லியோ!" என்று மாமி திரும்பிப் பார்க்காமலே அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். "நான் எவ்வளவு பாடுபட்டிருக்கேன் தெரியுமோ டாக்டர், அந்தக் கை ஒரு தடவை..."

டாக்டரின் பேனா நின்றது. தட்டுப்பட்ட கை மடியில் கிடந்தது. மறுபடி மெல்ல நகர்ந்து, அதே மடிப்பைத் தேடிப் பிடித்து இழுத்தது.

"இப்போ என்னன்னா உங்களுக்கு?" என்று மாமி குனிந்தார்.

"என் கால் மேல நிக்கறேடி" என்றார் சேஷன் மாமா. "எத்தனை தடவை இழுத்துச் சொல்றது?"

மாமி காலை எடுக்கவில்லை. தன் புடவையைப் பிடித்திருந்த அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.